ஒட்டு வேறு, பசை வேறு

போன மாதம் அக்கா பேரன் தெப்பக்குளத்துப் படியில் வழுக்கி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தையல் வேண்டாம் என்றார் டாக்டர். சிஸ்டர் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினார்: ‘திசு ஒட்டு மூலம் காயம் மூடல் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்.’

மேலூரிலிருந்து வந்திருந்த பையனின் அப்பத்தா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. “ஏப்பா, இம்புட்டுக் காயத்துக்குத் தொடையில இருந்து தோல எடுத்து ஒட்டுவாகளா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒட்டு என்றால் நம் பக்கத்தில் அதுதான் அர்த்தம். ஒட்டு மாங்கன்று, ஒட்டுக்கட்டுதல், தீக்காயத்துக்குத் தோல் ஒட்டு. ஓர் உயிரிலிருந்து ஒரு துண்டை எடுத்து இன்னோர் இடத்தில் பொருத்தி, அது பிடித்து வளர வேண்டும். படிவத்தை எழுதியவர் சொல்ல வந்ததோ ‘டிஷ்யூ அடீசிவ்’. ஒரு சின்னக் குப்பியில் வரும் பசை, அவ்வளவுதான்.

இந்தத் ‘திசு ஒட்டு’ என் கண்ணில் படுவது இது முதல் தடவை அல்ல. மருத்துவத் துண்டறிக்கைகளைப் பிழை திருத்திப் பிழைப்பவன் நான். நான்கைந்து முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அச்சாகி வரும்போது அதே ஒட்டு திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது.

வேர்ச்சொல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடீசிவ் என்பதற்கு மூலம் லத்தீன். ‘பற்றிக்கொள்’ என்பது பொருள். டிஷ்யூ பிரெஞ்சு வழியாக வந்தது. ‘நெய்தது’ என்று அர்த்தம். நம் ஊர் ஜவுளிக்கடையில் டிஷ்யூ சேலை என்கிறார்களே, அதுதான் பழைய பொருளுக்குப் பக்கம். உடம்பில் இருப்பதை ஈழத்தார் இழையம் என்றார்கள். இழையும் நெசவும் அதில் அப்படியே இருக்கின்றன. நாமோ ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் மழித்துத் திசு ஆக்கிக்கொண்டோம். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனாக எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் திசு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது, அதை இனி இறக்க முடியாது. சண்டை ஒட்டோடுதான்.

அந்தப் பசை என்ன சரக்கு என்றும் பார்த்துவிடுவோம். தோலில் தடவுவது பெரும்பாலும் சயனோஅக்ரிலேட். 1942-இல் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவர் கையில் அகப்பட்டு, எதில் பட்டாலும் ஒட்டுகிறதே என்று ஒதுக்கப்பட்ட சரக்கு. ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகி இறுகும். அப்போது லேசாகச் சூடு பிறக்கும். பையன் ‘சுடுது’ என்று கத்தியது அதனால்தான். பெட்டிக்கடை ஃபெவிகுவிக்கும் இதே குடும்பம். அதற்காக அதை எடுத்துக் காயத்தில் வைத்துவிடாதீர்கள். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் தொங்கும் கார்பன் வால் குட்டை, அதனால் சீக்கிரம் சிதைந்து சதையைப் புண்ணாக்கும். மருத்துவத்துக்கு நீண்ட வால் வகைகள். அப்படி ஒன்றுக்கு அமெரிக்காவில் 1998-இல் அனுமதி கிடைத்தது. இன்னொரு வகை ஃபைப்ரின் பசை. ரத்தம் உறையும்போது உடம்பு கடைசியாகச் செய்யும் வேலையை, ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதத்தையும் அதை நாராக்கும் த்ராம்பினையும் கலந்து நாமே செய்வது.

இனி கண் அறுவைக்கு வாருங்கள். 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. கண் சிகிச்சை பற்றிப் பேசாத வீடு இங்கே குறைவு. கருவிழி மேல் சதை ஏறி வளர்ந்தால் அதை அகற்றிவிட்டு, அதே கண்ணின் வெண்படலத்திலிருந்து மெல்லிய துண்டு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறார்கள். அது ஒட்டு. அதைத் தைக்காமல் ஃபைப்ரினால் பிடிக்க வைப்பதும் உண்டு. அது பசை. ஒட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள் என்றால் யாருக்கும் புரியும். படிவக்காரர் பாஷையில் எழுதுங்கள்: ‘திசு ஒட்டைத் திசு ஒட்டால் ஒட்டுதல்.’ யாருக்காவது தலைகால் புரியுமா?

இது போதாதென்று, வயிற்று அறுவைக்குப் பிறகு குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தொல்லையையும் ‘திசு ஒட்டுதல்’ என்றே எழுதுகிறார்கள். ஆக மருந்து, மாற்றுத் தோல், கோளாறு மூன்றுக்கும் ஒரே சொல்.

சரி, ‘ஒட்டி’ என்று வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். கடத்தி போல ஒட்டி. இலக்கணம் சரிதான். ஆனால் ‘திசுவை ஒட்டி’ என்று எழுதினால் திசுவுக்குப் பக்கத்தில் என்றல்லவா படிப்பார்கள்? வேற்றுமை உருபு சேர்ந்தாலே தடுமாறும் கலைச்சொல் எதற்கு?

‘பிசின்’ கணினி மொழிபெயர்ப்பு கொடுத்த வரம். பிசின் மரத்தில் வடிவது. மதுரைக்காரனிடம் பிசின் என்றால் அவன் ஜிகர்தண்டாவில் மிதக்கும் பாதாம் பிசினைத்தான் நினைப்பான். ‘காயப் பிசின்’ என்று ஒரு துண்டறிக்கையில் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, தாகமும் எடுத்தது.

பசை மீது நண்பருக்கு ஒரு குறை: சுவரொட்டி வாளி ஞாபகம் வருகிறதாம், மருத்துவத்துக்கு மரியாதை இல்லையாம். தினமும் காலையில் பற்பசையை வாயில் வைக்கிறாரே, அப்போது அந்த வாளி ஞாபகம் வரவில்லையா? பசைதல் என்றால் அன்பு கொள்ளுதல் என்று பழம்பொருளே உண்டு; அதைவிட என்ன மரியாதை வேண்டும்? பேஸ்ட்டுக்கும் க்ளூவுக்கும் பசை ஒன்றே என்பது ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழப்பத்தால் யாரும் தொடையைத் தடவிப் பார்க்க மாட்டார்கள்.

என் தேர்வு காயப்பசை. புத்தகத்தில் எழுதினால் திசுப்பசை. புண்பசை கூடாது, சீழ் பிடித்த புண்ணிலும் நாய்க்கடியிலும் இதைத் தடவுவதில்லை, சுத்தமான வெட்டுக்காயத்துக்குத்தான். அப்புறம் அந்தக் ‘காயம் மூடல்’. துணி போட்டாலும் மூடல்தானே? காயத்தின் வாயைச் சேர்க்கிறோம், காயம் கூடுகிறது. இத்தனை சொற்கள் வீட்டில் கிடக்க, மூடல் எதற்கு?

சிஸ்டரிடம் படிவத்தைத் திருத்தச் சொன்னேன். “நாங்க க்ளூன்னுதான் சார் சொல்லுவோம், தமிழ்ல யாரோ அடிச்சுக் குடுத்தது” என்றார். அப்பத்தாவிடம் திரும்பி, “பசைதாம்மா, தடவிவிட்டாப் போதும்” என்றார். அப்பத்தா உடனே கைநாட்டு வைத்தார்.

எட்டாம் நாள் மேலூரிலிருந்து போன். “பசை பொருக்கு மாதிரி உரிஞ்சு விழுந்துருச்சுப்பா. தழும்பு கோடு மாதிரிதான் இருக்கு.”