‘ரத்தத்தில் ஊறிய நடனம்’ என்று இனியும் எழுதாதீர்கள்

மறுபடியும் அதே வரி. கரீபியன் நாடான ஹைத்தியின் சடங்கு நடனங்கள் பற்றி இந்தப் பருவம் என் மேசைக்கு வந்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது: ‘கறுப்பின மக்களுக்கு நடனம் ரத்தத்தில் ஊறியது, பயிற்சி தேவையில்லை.’ ஆதாரம், சில யூடியூப் காணொளிகள். நடன ஆய்வு நெறியாளராக இந்த வரியை அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது.

யான்வாலு நடனத்தையே பாருங்கள். ஆப்பிரிக்க வேர் கொண்ட ஹைத்தி மதமான வோடூவின் வழிபாட்டில், பாம்புத் தெய்வமான தம்பல்லாவுக்கு ஆடுவது. முழங்காலை மடித்து, உடலை முன்னே சாய்த்து, முதுகுத்தண்டின் அடியிலிருந்து கழுத்து வரை ஓர் அலையை ஏற்ற வேண்டும். எங்கேயும் அறுபடக் கூடாது. எழுந்து நின்று செய்துதான் பாருங்களேன்! இடுப்பு ஆடும், தோள் ஆடும், நடுமுதுகு அசையவே அசையாது. அதை இளக்குவதற்கே நாள்கணக்கில் உழைக்க வேண்டும். பரதத்தில் அரைமண்டி உட்காரப் பல வருடம் பழகுகிற நமக்கு இது புரியாமல் போகுமா?

மேளம் மூன்று. சிறிய பூலா, தாளத்தை மாறாமல் பிடித்திருக்கும். செகோன் நடுவில். பெரிய மேளமான மமான்தான் தலைமை. மமான் வாசிப்பவர் ஓடிக்கொண்டிருக்கும் தாளத்துக்கு எதிராகத் திடீரென்று ‘காசே’ என்ற முறிப்பைப் போடுவார். ஆடுபவரும் அந்தக் கணமே அசைவை முறிக்க வேண்டும். லோவா எனப்படும் தெய்வம் ஒருவர் மேல் இறங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இறங்கினால், சுற்றி நிற்பவர்கள் அவர் விழாமல் தாங்குவார்கள். வந்திருப்பது யார் என்று பார்த்து அந்தத் தெய்வத்துக்கு உரிய பொருளைக் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் முறை உண்டு. இதைக் ‘கட்டுப்பாடற்ற ஆவேசம்’ என்று எழுதுகிறவர் மேளத்தைக் கேட்கவே இல்லை. (பொம்மையில் ஊசி குத்துவதெல்லாம் சினிமாக்காரர்கள் பரப்பிவிட்டது. அதை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்காதீர்கள்.)

இந்த அலட்சியம் யாரையும் நோகடிக்காத சின்னப் பிழை அல்ல. 1941-42இல் ‘மூடநம்பிக்கை ஒழிப்பு’ என்ற பெயரில் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு ஹைத்தியின் கோயில்களையும் சடங்குப் பொருள்களையும் அழித்தது. ‘காட்டு ஆட்டம்’ என்ற எண்ணம்தான் அதற்கு வழிவிட்டது.

கேத்தரின் டன்ஹாம் இந்த ஆய்வு வேலையை எப்படிச் செய்தார் என்று படியுங்கள். அமெரிக்க நடனக் கலைஞர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் படித்தவர். 1935இல் ரோசன்வால்ட் அறக்கட்டளையின் ஆய்வு நல்கையோடு கரீபியனுக்குப் போனார். புறப்படும் முன் மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸிடம் களப்பணிப் பயிற்சி. ஜமைக்காவின் அக்கம்பாங் கிராமத்தில் மரூன் மக்கள் (அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களின் வழிவந்தவர்கள்) தங்கள் பழைய போர் நடனத்தை அவருக்கு உடனே காட்டிவிடவில்லை. பொறுத்திருந்து, பழகி, பிறகுதான் பார்த்தார். ஹைத்தியில் வோடூ தீட்சையே பெற்றார். ஒரு நடனம் எப்படி இருக்கிறது என்பதோடு, யார் ஆடுகிறார்கள், எப்போது, அந்தச் சமூகத்தில் அதற்கு என்ன வேலை என்றும் கேட்டார். அவருடைய ஹைத்தி ஆய்வு 1947இல் மெக்சிகோவில் வெளியானது. 1957இன் பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ். அதே கரீபியன் களப்பணியிலிருந்துதான் மார்டினிக் தீவின் சண்டை நடனமான ஆக்யாவை 1938இல் சிகாகோ மேடைக்கும் கொண்டுவந்தார்.

எனவே, என் மாணவர்களுக்கு: ‘ஆப்பிரிக்க நடனம்’ என்று மொத்தமாக எழுதாதீர்கள், எந்த ஊர், எந்தச் சடங்கு, எந்தத் தாளம் என்று சொல்லுங்கள். காணொளி மட்டும் போதாது. தெரிந்தவரிடம் அடிப்படை அசைவையாவது உடம்பால் கற்றுக்கொள்ளுங்கள். மேளக்காரரிடம் பேசாமல் நடனத்தைப் பற்றி எழுதாதீர்கள். அனுமதி இல்லாமல் சடங்கைப் படம் பிடிக்கவே கூடாது. தெய்வம் இறங்குவதைக் கல்லூரி விழாவில் நடித்துக் காட்டாதீர்கள், தயவுசெய்து.

அதோடு, அடுத்த வரைவைக் கொண்டுவரும்போது மேளப் பதிவையும் கொண்டுவாருங்கள். சேர்ந்து கேட்போம். காசே விழும் இடத்தில் நீங்கள் கை தட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அத்தியாயத்தைப் பேசலாம்.