இருபது மூச்சில் ஒன்று: ஏசி வகுப்பறையின் காற்றுக் கணக்கு

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகள் ஏழாம் வகுப்பு. இந்த ஆண்டு அவளுக்கு ஏசி வகுப்பறை. காலையில் தெளிவாகப் போகிறவள், சாயங்காலம் தலைவலியும் சோர்வுமாகத் திரும்புகிறாள். சனி, ஞாயிறில் அந்தத் தலைவலி வருவதில்லை. பூட்டிய அறையில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறதா? ஆக்சிஜன் தரும் செடிகளை வகுப்பில் வைக்கச் சொல்லிப் பள்ளியில் கேட்கலாமா?"

தலைவலிக்குப் பார்வைக் குறைபாடு, தண்ணீர் குடிக்காதது, காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது என்று பல காரணங்கள் இருக்கலாம். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆனால் விடுமுறை நாளில் காணாமல் போகும் தலைவலி என்றால், வகுப்பறைக் காற்றையும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

முதலில் ஆக்சிஜனை விசாரித்து விடுவித்துவிடலாம். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 20.9 சதவீதம். 40 பிள்ளைகள் ஒரு மூடிய வகுப்பறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அது 20.6 பக்கம் இறங்கும், அவ்வளவுதான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தமே குறைவு. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் இருக்கும் சென்னையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அங்கும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், பந்தும் விளையாடுகிறார்கள். ஆகவே கோவை வகுப்பறையில் ஆக்சிஜன் குற்றவாளி இல்லை.

அறையில் ஏறுவது கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அதே அறையில் விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தை மட்டுமே கொட்டுகிறது. குளிர் வீணாகாமல் இருக்க ஜன்னலையும் கதவையும் சாத்திவிடுகிறோம். 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் 40 பிள்ளைகள். ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 13 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடும். கதவிடுக்கில் கசிவதைக் கழித்தாலும், ஒரு பாடவேளை முடிவதற்குள் அறையின் அளவு 3,000 பிபிஎம்மைத் தொட்டுவிடும். வெளிக்காற்றில் அது சுமார் 425 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 425 பங்கு.

அப்படியானால் கரியமில வாயுதான் தலைவலி தருகிறதா? டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 25 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியான சோதனை ஒன்று இதற்கு அழகான பதில் தருகிறது. நல்ல காற்றோட்டம் உள்ள அறைக்குள் சிலிண்டரிலிருந்து சுத்தமான கரியமில வாயுவைக் கலந்து 3,000 பிபிஎம் வரை ஏற்றினார்கள். பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. பிறகு காற்றோட்டத்தைக் குறைத்து, அறையில் இருப்பவர்கள் விட்ட மூச்சாலேயே அதே 3,000 வரும்படி செய்தார்கள். இப்போது தலைவலி, சோர்வு, தூக்கக் கலக்கம் வந்தன, சிந்தனை வேகமும் குறைந்தது. கரியமில வாயுவை அளக்கும் மீட்டரில் இரண்டு முறையும் ஒரே எண்தான். ஆனால் இரண்டாம் முறை மனித உடலும் மூச்சும் வெளியிடும் நூற்றுக்கணக்கான பிற பொருட்களும் கூடவே சேர்ந்திருந்தன. (கரியமில வாயு மட்டுமே மூளையை மந்தமாக்கும் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு, முடிவுகள் ஒத்துப்போகவில்லை.)

இதை முன்பே உணர்ந்தவர் ஜெர்மனியின் சுகாதார அறிவியலாளர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். 1858இல் மியூனிக்கில் இருந்து அவர் சொன்னது இன்றைக்கும் நிற்கிறது: அறைக் காற்றில் கரியமில வாயு 1,000 பிபிஎம்மைத் தாண்டினால் அது நல்ல காற்று அல்ல. அந்த வாயு விஷம் என்பதற்காக அல்ல, காற்று எவ்வளவு பழையதாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்பதற்காகவே அவர் அதை அளந்தார். சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல மாறுமே, பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் செய்த சோதனை, கிட்டத்தட்ட அதே வேதியியலைப் பேரியம் கரைசலில் செய்து அளந்தார்.

அந்த அடையாளத்தை வைத்து இன்று ஒரு கணக்குப் போட முடியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

நாம் வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு ஏறக்குறைய 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். வகுப்பறையில் அடுப்பில்லை, விளக்கெரியவில்லை. அங்கே 425க்கு மேல் இருக்கும் ஒவ்வொரு துளி கரியமில வாயுவும் யாரோ ஒருவரின் நுரையீரலிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். மீட்டர் 2,425 காட்டுகிறது என்று வையுங்கள். உபரி 2,000. அதை 40,000ஆல் வகுத்தால் இருபதில் ஒன்று. அந்த அறையில் உங்கள் மகள் இழுக்கும் இருபது மூச்சில் ஒரு முழு மூச்சு, ஏற்கெனவே ஒரு நுரையீரலுக்குள் போய் வந்த காற்று. அந்த வயதுப் பிள்ளைகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபது முறை மூச்சு விடுவார்கள். ஆக, நிமிடத்துக்கு ஒரு மூச்சு இரவல் மூச்சு! அதில் அவளுடைய பங்கு நாற்பதில் ஒன்றுதான், மிச்சமெல்லாம் பக்கத்து, பின் பெஞ்சுப் பிள்ளைகளுடையது.

கரியமில வாயு கனமானதாயிற்றே, தரையில் தங்கிவிடாதா என்று கேட்கலாம். தங்காது. வெளிவரும் மூச்சு வெதுவெதுப்பாக, அறைக் காற்றோடு கலந்தே வருகிறது. ஒவ்வொரு உடம்பின் சூட்டிலும் ஒரு மெல்லிய காற்றோட்டம் மேலே எழுகிறது. நாற்பது உடம்புகள் கூடினால் அறையே மெதுவாகக் கலக்கப்படுகிறது, ஏசியும் மின்விசிறியும் மீதியைச் செய்கின்றன. அந்த வாயு சுவரில் ஒட்டாது, படியாது, வேறொன்றாக மாறாது. காற்று வெளியே போனால் மட்டுமே அதுவும் போகும். மனித மூச்சைப் பின்தொடர இயற்கையே கொடுத்த குறிச்சாயம் என்று இதைச் சொல்வேன்.

இரவல் மூச்சில் சோர்வு மட்டும் வந்தால் பரவாயில்லை. 1974இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகருக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குத் தட்டம்மை கண்டது. அவளிடமிருந்து 28 பிள்ளைகளுக்குத் தொற்றியது. அவர்கள் இருந்தது 14 வெவ்வேறு வகுப்பறைகளில். பெரும்பாலோர் அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. பள்ளியின் காற்றோட்ட இயந்திரம் ஒரு அறையின் காற்றை மற்ற அறைகளுக்கும் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. காசநோய் நிறைந்த நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமான கதை தைவானில் நடந்தது. தைபேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் காசநோய் பரவியபோது அங்கே அளந்த கரியமில வாயு 3,200 பிபிஎம். காற்றோட்டத்தைச் சீரமைத்து அதை 600 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பரவல் நின்றது.

இனி செடிகள். 'ஆக்சிஜன் செடி', அதிர்ஷ்ட மூங்கில் என்றெல்லாம் பெயர் வைத்து விற்கிறார்கள். இந்த நம்பிக்கை 1989இல் நாசா செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது. அதில் காற்றிலுள்ள மாசு வாயுக்களைச் செடிகள் நீக்குமா என்று, அவற்றைச் சிறிய, முழுக்க மூடிய பெட்டிகளுக்குள் வைத்துத்தான் சோதித்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் 2019இல் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் திரட்டிக் கணக்கிட்டார்கள். சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10, சிலவகை மாசுக்கு 1,000 செடிகள்கூட வேண்டும். நாம் பார்க்கும் வகுப்பறையின் தரை 42 சதுர மீட்டர். 420 தொட்டிகள் வைத்தால் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? செடி கண்ணுக்குக் குளிர்ச்சி, வளர்க்கக் கற்பது நல்ல பாடம், தாராளமாக வையுங்கள். ஆனால் ஜன்னல் செய்யும் வேலையைச் செடி செய்யும் என்று பெற்றோரை நம்பவைப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நம்பிக்கையில் ஜன்னல் மூடியே கிடக்கும்.

ஏர் பியூரிஃபையர் வேறு விஷயம். அது தூசியையும் கிருமி ஏறிவரும் நுண்துளிகளையும் வடிகட்டும், கரியமில வாயுவைத் தொடாது. சாலையோரப் பள்ளிகளுக்கும், போகிப் புகை நாட்களுக்கும் அது உதவும். அப்போது மீட்டரின் எண் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் பழைய பள்ளிக் கட்டடங்கள் இதை நன்றாகவே கையாண்டன. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல்கள், வெயில் நேரே விழாமல் வராந்தா, உயரமான ஓட்டுக் கூரை, கூரையை ஒட்டி வென்டிலேட்டர். சூடான காற்று மேலே வெளியேற, கீழே ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வரும்; காற்றே வீசாத நாளிலும் இது ஓரளவு நடக்கும். ஏசி போடும்போது முதலில் அட்டை வைத்து அடைக்கப்படுவது அந்த வென்டிலேட்டர்தான்.

சித்திரை வெயிலில் ஏசியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெப்பமும் பிள்ளைகளை வாட்டும். ஆகவே பள்ளியில் இப்படிக் கேளுங்கள்: ஏசி ஓடும்போதும் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஜன்னல்களை ஒரு கையளவு திறந்து வைக்க முடியுமா? பாடவேளைக்கு நடுவே ஐந்து நிமிடம் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறக்க முடியுமா? ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழிவிட முடியுமா? ஒரு பிள்ளைக்கு நொடிக்குச் சுமார் 7 லிட்டர் வெளிக்காற்று கிடைத்தால், அளவு பெட்டன்கோஃபரின் 1,000க்குள் நிற்கும். மின்கட்டணம் கூடும்தான். ஏசி வகுப்புக்கெனத் தனிக் கட்டணம் வாங்கும் பள்ளி இதைக் கூடுதல் செலவு என்று சொல்லக் கூடாது.

அரசிடமும் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. நாம் மேற்கோள் காட்டும் அளவுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வகுப்பறைகளில் உருவானவை. மதுரையின் பங்குனி மதியத்திலும் ஊட்டியின் மார்கழிக் காலையிலும் நம் வகுப்பறைகளில் என்ன நடக்கிறது என்பதை ஓராண்டு முழுக்க அளக்க நிதி ஒதுக்க வேண்டும். கருவி சில ஆயிரம் ரூபாய்தான். வாங்கும்போது 'என்டிஐஆர்' வகையா என்று பார்த்து வாங்குங்கள். அது 4.26 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் காற்றின் ஊடே அனுப்பி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்க்கிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த ஒளியைக் கண்டுகொள்ளாது, கரியமில வாயு பிடித்துக்கொள்ளும். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை முகர்ந்து கரியமில வாயுவை உத்தேசமாகச் சொல்கின்றன. அவை இந்த வேலைக்கு ஆகாது.

கருவி கிடைத்தால் இயற்பியல் ஆசிரியர் ஒரு செய்முறை நடத்தலாம். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறியதும், கதவு ஜன்னல்களை வழக்கமாகப் பாடம் நடக்கும்போது இருக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு, 425க்கு மேலான உபரி பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். பிளஸ் டூ பாடத்தில் கதிரியக்கத்துக்குப் படிக்கும் அதே அரை ஆயுள் சமன்பாடு இங்கேயும் பொருந்தும். 42 நிமிடம் ஆனால், அந்த அறைக்கு மணிக்கு ஒரு முறைதான் காற்று மாறுகிறது. 7 நிமிடம் என்றால் ஆறு முறை. ஜன்னல் மூடி ஒரு நாள், கையளவு திறந்து ஒரு நாள் என்று அளந்து, இரண்டு எண்களையும் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.