ஜிஎஸ்டி நம்பர் எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

பாலக்கோட்டில் மிக்சி, கிரைண்டர் விற்கும் அண்ணன் ஒருவர் ஜிஎஸ்டி நம்பருக்காக ஏஜெண்டிடம் 3,000 ரூபாய் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார். விண்ணப்பித்ததும் தரும் ஏஆர்என் எண்ணைப் போட்டுப் பார்த்தால், விண்ணப்பம் எப்போதோ தள்ளுபடி. வாடகை ஒப்பந்தம் தெளிவாக இல்லை என்று அனுப்பிய நோட்டீஸ் ஏஜெண்டின் ஈமெயிலுக்குப் போயிருந்தது. பதில் போட 7 வேலை நாள்தான். ஏஜெண்ட் அதைத் திறக்கவே இல்லை.

பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. யார் நிரப்பினாலும் செல் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

உங்களுக்கு நம்பர் தேவையா என்பதை முதலில் பாருங்கள். பொருள் மட்டும் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் வரை வேண்டாம். இது லாபக் கணக்கு இல்லை, மொத்த விற்பனை. ஒரே பான் கார்டில் இரண்டு கடை இருந்தால் இரண்டையும் கூட்டுவார்கள். அந்த அண்ணன் ரிப்பேர் வேலையும் செய்கிறார். சேவை கலந்துவிட்டால் வரம்பு 20 லட்சம்.

ஓசூர் பக்கம்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். வீட்டில் போட்ட ஊறுகாயை எல்லை தாண்டி கர்நாடகாவில் உள்ள அத்திப்பள்ளிக் கடைக்கு அனுப்பினாலே அது வெளிமாநில விற்பனை. 40 லட்சக் கணக்கு அங்கே செல்லாது, பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகள் விற்பனையில் 1 சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டமும் கிடைக்காது. சொந்தத் தோட்டத்து மாங்காயை விற்கும் விவசாயிக்கு நம்பரே வேண்டாம்.

ஆதாரில் இனிஷியல், பானில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். வாடகைக் கடைக்கு ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரில் கரண்ட் பில் அல்லது சொத்து வரி ரசீதும் வேண்டும். கரண்ட் பில் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் சொத்து வரி ரசீதைத் தேடுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் உரிமையாளரின் ஆதார், பான், போட்டோ கேட்கக்கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியமே 2025 ஏப்ரலில் தன் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டது. கேட்டால் ஆபீசுக்கு அலையாதீர்கள், ஜிஎஸ்டி போர்ட்டலில் எழுத்தில் பதில் போடுங்கள்.

நம்பர் வந்தபின் விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் (விற்பனை, வரிக் கணக்கு) போட வேண்டும். விற்பனை இல்லாத அந்த ரிட்டர்ன் தாமதமானால்கூட நாளுக்கு 20 ரூபாய் அபராதக் கட்டணம். கடையை மூடினால் பதிவையும் ரத்து செய்யுங்கள்.

லோன் வாங்கித் தருகிறேன் என்று ஆதார், பான், ஓடிபி கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர் பெயரில் கம்பெனி நடத்தி, கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் அவர் வீட்டுக்கு வருகிறது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் பான் வைத்துத் தேடும் இடத்தில் உங்கள் பானை இன்றே போட்டுப் பாருங்கள்.