கல்லடிப் பாலத்தின் முக்கோணங்கள்

கல்லடிப் பழைய பாலத்தில் நின்றால் பாடும் மீனுக்குக் காது கொடுப்பவர்கள்தான் அதிகம். என் கண் இரும்பின் மேல்தான் போகும். 1924இல் மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே எழுந்த இந்தப் பாலத்தில், நேர்ச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்திருக்கிறார்கள். நாற்கோணத்தின் மூலையைத் தள்ளினால் அது சரியும். முக்கோணம் அப்படியில்லை, பக்கத்தின் நீளம் மாறாமல் அதன் உருவம் மாறாது.

சரி, எந்தச் சட்டம் எவ்வளவு சுமக்கிறது? பாலம் கட்டிய காலத்தில் கணினி கிடையாது. சட்டங்கள் சேரும் இடம்தான் கணு; கணுக் கணுவாக விசைகளைச் சமன்செய்து கையால் கண்டுபிடித்தார்கள். குறுக்கே ஒரு சட்டம் கூடுதலாகப் போட்டுவிட்டால் அந்தச் சமன்பாடுகள் மட்டும் போதாது. கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியால் கணக்கிடும் முடிவுறு மூலக முறைக்கு (finite element method) அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அது முதலில் விசையைத் தேடுவதில்லை. ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகர்ந்தது என்று தேடுகிறது. 1950களில் விமானச் சிறகுகளை ஆராயும்போது வளர்ந்த இந்த முறைக்கு, 1960இல் பொறியியலாளர் ரே கிளஃப் இந்தப் பெயரை வைத்தார்.

இம்முறைக்கு ஒவ்வொரு சட்டமும் ஒரு வில்சுருள். 3 மீற்றர் நீளம், 1000 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டு உள்ள உருக்குச் சட்டத்தை 1 மில்லிமீற்றர் நீட்டவோ சுருக்கவோ சுமார் 67 கிலோநியூட்டன் வேண்டும். இதுதான் அதன் விறைப்பு.

இப்படி இரண்டு சட்டங்களைக் கூரைபோல 45 பாகையில் சாய்த்து, அடிகளை அசையாமல் பிணைத்து, உச்சியில் 20 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டு தொன், ஏற்றுவோம். மூன்று கணுக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை, மொத்தம் ஆறு நகர்வுகள். அடிகளின் நான்கும் பூச்சியம். இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் உச்சி பக்கவாட்டில் போகாது. எவ்வளவு இறங்குகிறது என்பது மட்டும்தான் மிச்சம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். உச்சி 1 மில்லிமீற்றர் இறங்கினால் சாய்ந்த சட்டம் 0.7 மில்லிமீற்றர்தான் சுருங்கும். அதனால் எழும் விசையிலும் 0.7 பங்குதான் மேல்நோக்கித் தாங்கும். ஆக, சாய்வு இரண்டு முறை தன் பங்கை எடுத்துக்கொள்கிறது: விறைப்பு பாதியாகிறது. இரண்டு சட்டங்கள் சேர்ந்தால் மீண்டும் 67. உச்சி 0.3 மில்லிமீற்றர் இறங்கும். ஒவ்வொரு சட்டமும் 14 கிலோநியூட்டன் அமுக்கம் தாங்கும். கையால் சமன்செய்தாலும் இதே விடைதான்.

அதே கூரையைத் தட்டையாக்கி 15 பாகைக்குக் கொண்டுவந்தால் இறக்கம் 2.2 மில்லிமீற்றர், அமுக்கம் 39 கிலோநியூட்டன். இரும்பும் சுமையும் மாறவில்லை, சாய்வு மட்டுமே மாறியது.

பெரிய பாலத்துக்கும் இதே வேலைதான். ஒரு கணுவில் சேரும் சட்டங்களின் விறைப்புகளை ஒரே தாயத்தில், அதாவது நிரை நிரலாக எண்கள் அடுக்கிய கட்டத்தில் (matrix), அந்தந்த இடத்தில் கூட்டிக்கொண்டே போவார்கள். தாங்குமிடங்களைச் சொல்ல மறந்தால் தாயம் விடை தராது. பிடிமானம் இல்லாத பாலம் எங்கும் மிதந்து போகலாம் அல்லவா!

இந்தக் கணக்குக் காட்டாத ஒன்று உண்டு. அமுக்கப்படும் சட்டம் மெலிந்து நீண்டிருந்தால், நசுங்குவதற்கு முன்பே வில்லாக வளைந்துவிடும். அதைத் தனியே சரிபார்க்க வேண்டும். நடுவில் ஒரு கணு வைத்துப் பிடித்து நீளத்தைப் பாதியாக்கினால், அதே சட்டம் நான்கு மடங்கு சுமைவரை வளையாமல் நிற்கும்.