ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்று வலி

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆறாவது படிக்கிற பையனுக்குக் காலை ஏழு மணியானால் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. மழை லீவு விட்டால் வலியே வருவதில்லை. நடிக்கிறானா?"

நடிக்கவில்லை. வலி நிஜம். மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி ஆபத்து என்று எச்சரித்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் போகும். இது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. இதோடு, மூளையில் சுரக்கும் சி.ஆர்.எஃப் என்ற வேதிப்பொருள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, பெருங்குடலை முடுக்கிவிடுகிறது. சாப்பிட்ட இட்லி குமட்டுவதும், வேன் வருவதற்குள் இரண்டு தடவை கழிப்பறைக்கு ஓடுவதும் இதனால்தான்.

விஷயமே இதற்கப்புறம்தான். எட்டேகாலுக்கு வேன் ஹாரன் கேட்கிறது. பயம் உச்சத்தில் இருக்கிறது, பிள்ளை அழுகிறான். "சரி, இன்னைக்கு இருந்துடு" என்கிறோம். கொஞ்ச நேரத்தில் வலி போய்விடுகிறது. அந்த நிம்மதிதான் மூளைக்குப் பரிசு. 'போகாததால் தப்பித்தேன்' என்று அது பதிந்துகொள்கிறது. மறுநாள் இன்னும் சீக்கிரமே எச்சரிக்கிறது. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். பயந்த இடத்திலேயே இருந்தால், பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் படபடப்பு தானாக இறங்கத் தொடங்கும். உச்சத்திலேயே வெளியேறும் பிள்ளைக்கு அந்த இறக்கம் தெரியவே தெரியாது.

இருந்து பழகினாலும் பழைய பயம் அழிந்துவிடுவதில்லை என்பதுதான் இதில் மிக அழகான பகுதி. 'போனேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற புது நினைவு அதன் மேல் உருவாகிறது. மூளையின் முன்பகுதி அதைக் கொண்டு அமிக்டலாவை அடக்குகிறது. இடைவெளி விழுந்தால் புது நினைவின் பிடி தளரும், பழையது தலைதூக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலுக்கும் மழைக்கும் விடுமுறை விடும் நம் கடலோரத்தில், லீவு முடிந்த முதல் நாள் வலி கூடுவது எதிர்பார்க்க வேண்டியதே. பையன் பின்வாங்கிவிட்டான் என்று கலங்க வேண்டாம்.

பயத்தைப் படிப்படியாகப் பழக்கும் முறை புதிதல்ல. முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற குழந்தைக்கு, பிடித்த தின்பண்டம் கொடுத்தபடியே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கியதை அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-ல் எழுதினார். வீட்டிலும் அப்படியே செய்யலாம். பயத்துக்கு 0 முதல் 10 வரை பிள்ளையையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 3, 4 போடும் படியில் தொடங்குங்கள்: சீருடை போட்டுப் பள்ளி கேட் வரை போவது, பிறகு முதல் பீரியட் மட்டும், பிறகு மதியம் வரை. ஒவ்வொரு படியிலும் மதிப்பெண் பாதியாகும் வரை இருக்க வேண்டும். மறுநாளும் அதே படி. ஏதாவது ஒரு நாள் உச்சத்தில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால், அடுத்த நாள் ஒரு படி கீழிறங்கித் தொடங்குங்கள். வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று முதலிலேயே விசாரியுங்கள். உண்மையான ஆபத்துக்குப் பிள்ளையைப் பழக்கக் கூடாது.

மந்திரித்த தாயத்து கட்டுவது பற்றியும் வாசகி கேட்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. நல்லபடியாகப் போய்வந்த பெருமை பிள்ளைக்குச் சேராமல் கயிற்றுக்குப் போய்விடுகிறது. கயிறு அறுந்த அன்று பயம் முழுசாகத் திரும்பும். பத்து தடவை "ஒன்னும் ஆகாதுப்பா" என்று சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு தடவை சொன்னால் போதும்.

வளரிளம் பருவத்தில் பயம் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படும். எழுதியதை அழித்து அழித்து எழுதுவது, தூக்கம் பிடிக்காமல் புரள்வது, நண்பர்களைத் தவிர்ப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை. திமிர் என்று திட்டினால் பேச்சு நின்றுவிடும். பள்ளிக்கொரு மனநல ஆலோசகரை நியமிக்க அரசு செலவிட வேண்டும். ஸ்மார்ட் போர்டை விட அது அவசரம்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவு, காய்ச்சல், மலத்தில் ரத்தம் இருந்தால் முதலில் குழந்தை மருத்துவர். நான்கு வாரமாகியும் பள்ளிக்குப் போக முடியவில்லை என்றால் புதுச்சேரி ஜிப்மர் மனநலப் பிரிவிலோ மாவட்ட அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலும் அன்றே கூட்டிப் போங்கள்.