கபிலக் கொழுப்பு

“சித்தப்பா, பழுப்புக் கொழுப்புன்னா பழசாப்போன கொழுப்பா?” ஹட்டனில் உயர்தர உயிரியல் படிக்கும் அண்ணன் மகள் கேட்டாள். தமிழகத்துக் கட்டுரை எதையோ வாசித்திருக்கிறாள். அவள்மேல் பிழையில்லை. தோட்டத்தில் வளர்ந்த காதுக்குப் பழுப்பு என்றால் பழுத்த இலை, இன்றோ நாளையோ உதிர்வது. இந்தக் கொழுப்போ நேர் எதிர். சும்மா கிடக்காமல் எரிந்து சூடு தருவது.

தமிழகத்தில் ‘பிரவுண்’ நிறத்தைப் பழுப்பு என்கிறார்கள். நம் பாடநூல்களில் அந்த நிறத்துக்குக் கபிலம் என்று பெயர். நெற்பயிரைத் தாக்கும் பூச்சியைக் கபிலநிறத் தத்தி என்றுதானே படித்தோம்! வடசொல்தான், குரங்கைக் குறிக்கும் ‘கபி’யோடு உறவு சொல்வார்கள். மண்ணிறம் நல்ல தமிழ். ஆனால் கொழுப்போடு சேர்த்தால் மண் ஒட்டியதுபோல் இருக்கிறது. என் வாக்கு கபிலத்துக்கே.

நிறம் எங்கிருந்து வந்தது? வெள்ளைக் கொழுப்புக் கலத்தில் ஒரே பெரிய கொழுப்புத் துளி. அது சேமிப்புக் கிடங்கு. கபிலக் கலத்தில் சின்னச் சின்னத் துளிகள், இடையே ஏராளமான இழைமணிகள், அதாவது கலத்துக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியாக்கள். இழைமணிப் புரதங்களிலுள்ள இரும்புதான் அந்த நிறம். அங்கே யூசிபி1 என்றொரு புரதம், கலம் செலவழிக்கும் சக்திப்பொருளான ஏ.ரி.பி. ஆக வேண்டிய சக்தியை வெப்பமாகவே வெளியே விட்டுவிடும். நுவரெலியாவின் தை மாதக் குளிரில் நாம் வெடவெடக்கிறோம். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாத பச்சைப்பிள்ளைக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இந்தக் கொழுப்புத்தான் அடுப்பு. வளர்ந்தவர்களிடமும் அது வேலை செய்கிறது என்பது 2009இல்தான் உறுதியானது.

அப்புறம் ‘கபிலமாக்கல்’. வெள்ளைக் கலத்தையே எரிக்கும் கலமாக மாற்றுவது. குளிர் அதைச் செய்யும். சிறு மூலக்கூறுகளாலும் முடியுமா என்று தேடுகிறார்கள். சிறு மூலக்கூறு என்றால் மாத்திரையாக விழுங்கக்கூடிய, கலத்துக்குள் நுழையக்கூடிய அளவு சிறிய மருந்துப்பொருள். இன்சுலின்போல ஊசி தேவைப்படும் பெரிய புரதமல்ல. மூட்டுவாத மருந்தான டோஃபாசிட்டினிப், மனிதக் கொழுப்புக் கலங்களை இப்படி மாற்றியதாக ஹாவர்ட் ஆய்வாளர்கள் 2014 இறுதியில் அறிவித்தார்கள். ஆய்வுகூடத் தட்டில், உடம்பில் அல்ல. ‘கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை’ என்று விற்பவர்களிடம் கவனம். 1930களில் அமெரிக்காவில் மெலிவதற்கு விழுங்கிய டைநைட்ரோபீனோல், கொழுப்பை மட்டும் பார்த்து எரிக்கவில்லை. எல்லாக் கலங்களிலும் சக்தியை வெப்பமாக்கி, உடற்சூடு ஏறி ஆட்கள் செத்தார்கள். 1938இல் தடை வந்தது.

வெள்ளையிலிருந்து மாறி வருவது முழுக் கபிலமும் அல்ல. அதற்கு ‘பேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். சாயம் போடாத கம்பளித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் சொன்ன சொல் அது. குளிரில் விழித்துக்கொள்ளும் கொழுப்புக்குக் கம்பளியின் பெயர்! தமிழில் இளங்கபிலக் கொழுப்பு எனலாம்.

“கம்பளிக் கொழுப்புன்னு எழுதினா புள்ளி போடுவாங்களா சித்தப்பா?”

போடமாட்டார்கள். எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.