சென்டாரஸ் ஏ: ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம்

வானியல் ஆய்வு என் தொழில். பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: “கேலக்சியின் நடுவிலுள்ள கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கி, புது விண்மீன்கள் பிறக்கவிடாமல் செய்துவிடுமாமே?” கேட்கும் பிள்ளையின் மேல் தவறில்லை. செய்தித் தலைப்புகள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

உண்மையில் கருந்துளை விழுங்குவது சொற்பம். அதன் ஈர்ப்பு ஓங்கி நிற்கும் பகுதி, மிகப் பெரிய கருந்துளைக்கே ஆயிரம் ஒளியாண்டுகளைத் தாண்டுவது அரிது. கேலக்சியோ லட்சம் ஒளியாண்டு அகலம் கொண்டது. வேலையைச் செய்வது, உள்ளே விழும் வாயு வெளியிடும் ஆற்றல். சூரியனின் ஹைட்ரஜன் இணைவில் 0.7 சதவீத நிறைதான் ஆற்றலாகிறது; கருந்துளையைச் சுற்றிச் சுழன்று விழும் வாயுவில் ஏறத்தாழ 10 சதவீதம். அந்த ஆற்றல் ஒளியாக, காற்றாக, குறுகலாகப் பீறிடும் தாரைகளாக வெளியே பாய்கிறது.

விண்மீன் பிறக்க வாயு குளிர வேண்டும். பெர்சியஸ் என்னும் கேலக்சிக் கொத்தின் நடுவிலுள்ள என்.ஜி.சி. 1275 கேலக்சியில் அதுதான் தடைபடுகிறது. சூழ்ந்துள்ள சூடான வாயு தடையின்றிக் குளிர்ந்தால் ஆண்டுக்குச் சில நூறு சூரியன்களுக்குப் போதுமான வாயு மையத்தில் சேரும். அத்தனை விண்மீன்கள் அங்கே பிறக்கவில்லை. தாரைகள் ஊதிய குமிழிகளையும் அவற்றைச் சுற்றிப் பரவும் அழுத்த அலைகளையும் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி காட்டியது. இளந்தீயில் வைத்த பால்போல வாயு ஆறாமலே இருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் தலைப்புச் செய்திகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சென்டாரஸ் ஏ இருக்கிறது. 1826-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்ட கேலக்சி இது. தொலைவு சுமார் 1.2 கோடி ஒளியாண்டு. கருந்துளையின் நிறை ஏறத்தாழ 5.5 கோடி சூரியன்கள். ஏப்ரல், மே இரவுகளில், விளக்கொளி இல்லாத இடத்திலிருந்து தெற்கே தாழ்வாக பைனாகுலரைத் திருப்பினால் தமிழ்நாட்டிலிருந்தே மங்கலான திட்டாகத் தெரியும். ஒருமுறையாவது பாருங்கள்.

அதன் வடகிழக்குத் தாரையின் போக்கில், மையத்திலிருந்து சுமார் 50,000 ஒளியாண்டு தள்ளி, வாயு இழைகளுக்கிடையே இளம் நீல விண்மீன்கள் இருக்கின்றன. வயது ஒரு கோடி ஆண்டு அளவே. தாரை மோதி வாயுவை நெருக்கியதால் பிறந்தவை என்பதே பலரின் விளக்கம். நம் நாட்டின் விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியும் இந்தப் பகுதியைப் படம்பிடித்திருக்கிறது. பெரும் நிறைகொண்ட விண்மீன்கள் புறஊதாவில் பளிச்சிடும். அவை விரைவில் மடிபவை என்பதால், புறஊதா வெளிச்சம் தெரிந்தாலே பிறப்பு அண்மையில் நடந்தது என்று பொருள்.

அங்கேயும் அவசரப்படக் கூடாது. சிலி நாட்டிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி அதே இழைகளில், விண்மீன்களுக்கு மூலப்பொருளான குளிர்ந்த மூலக்கூறு வாயுவை ஏராளமாகக் கண்டது; வாயுவின் அளவுக்கு ஏற்ற விண்மீன்கள் இல்லை. நெருக்கிய தாரையே வாயுவைக் கலக்கியும் விட்டிருக்கலாம். கேலக்சியின் இடையில் குறுக்கே ஓடும் தூசிப்பட்டையில் பிறக்கும் விண்மீன்களுக்கோ காரணமே வேறு: முன்பு வேறொரு கேலக்சி வந்து கலந்தபோது கொண்டுவந்த வாயு. எல்லாவற்றையும் கருந்துளையின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதனால்தான் மாணவர் ஒரு படத்தோடு வந்தால், தாரையைக் காட்டும் ரேடியோ, புறஊதா, மூலக்கூறு வாயு ஆகிய மூன்றின் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

காலக்கணக்கும் ஏமாற்றும். 2007-இல் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஐ.சி. 2497 கேலக்சியின் அருகே ஒளிரும் வாயு மேகம் ஒன்றை இணையப் படங்களில் கவனித்தார். மேகத்தை ஒளிரவைத்த கேலக்சிக் கரு, அதாவது கருந்துளை இருக்கும் மையம், கடந்த சுமார் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள் மங்கிவிட்டிருந்தது. விண்மீன் பிறப்பின் தடமோ கோடி ஆண்டுகள் நிற்கும். ஆகவே இன்று அமைதியாகத் தெரியும் கருக்களையும் நாங்கள் விசாரணைப் பட்டியலில் வைத்திருக்கிறோம்.